ரோட்டரி எஞ்சின் காருக்குக் கட்டுப்படியாகும் செலவில் எக்ஸாஸ்ட்: முன்னிருந்து பின்னாக ஒரு முழுமையான வழிகாட்டி

எரிந்த வாயுவை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட்டில் சைலன்சரை முதலில் வாங்காதீர்கள். மாற்றியமைத்த ரோட்டரி காரை வைத்திருக்கும் புதியவர்கள் பலரும் பளபளப்பான பின்பக்க சைலன்சர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டுதான் ஆலோசனை கேட்கவே வருகிறார்கள். மிஞ்சிய பணத்தில் முன்பகுதியை ஒப்பேற்றிவிடலாம் என்பது அவர்களுடைய கணக்கு. அப்படி ஒப்பேற்றிய முன்பகுதிதான் முதலில் பிளக்கும்.

காரணம் எஞ்சினின் அமைப்பிலேயே இருக்கிறது. பிஸ்டன்களுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர்கள் சுழலும் எஞ்சின் இது. ரோட்டரியில் எக்ஸாஸ்ட் வால்வு கிடையாது. ரோட்டரின் முனை வெளியேற்றும் துளையைக் கடந்த கணமே அழுத்தம் மொத்தமும் வெடித்துக்கொண்டு வெளியே வருகிறது. காதைக் கிழிக்கும் சத்தம் அதனால்தான். எரியும் அறையோ நீண்டு தட்டையாக இருப்பது. அதனால் எரிந்து முடியாத எரிபொருளும் வாயுவோடு வெளியேறி, பைப்புக்குள் போய் எரிகிறது. முழுச் சுமையில் வாயுவின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வேறு கார்களுக்குச் செய்து பழகிய பட்டறைக்காரர் இந்தச் சத்தத்தையும் வெப்பத்தையும் கணக்கில் எடுக்காமல் வேலை செய்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் நிலைக்காது.

இங்கே சொல்வதெல்லாம் மாஸ்டாவின் 12ஏ, 13பி வகை இரண்டு ரோட்டர் எஞ்சின்களை மனத்தில் வைத்துச் சொல்வது. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியின் முடிவும் அடுத்த படியின் செலவைத் தீர்மானிக்கிறது.

1. எஞ்சினின் நிலையை எழுதிவையுங்கள்

ஒரு தாளில் நான்கு விவரங்கள் வேண்டும்: காற்று உள்ளே வரும், வாயு வெளியேறும் துளைகள் எப்படி வெட்டப்பட்டிருக்கின்றன, டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கருவி) உண்டா, எரிபொருளைக் கட்டுப்படுத்தும் கணினி எது, கார் பெரும்பாலும் எங்கே ஓடும். எந்த நல்ல பட்டறைக்காரரும் முதலில் இவற்றைத்தான் கேட்பார்.

அதற்கும் முன்னால் கம்ப்ரஷன், அதாவது எரியும் அறைக்குள் எழும் அழுத்தம், பாருங்கள். சாதாரண அளவி ரோட்டரின் மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும் காட்டி நின்றுவிடும். ஒரு முகம் செத்துக் கிடந்தாலும் தெரியாது. ரோட்டரிக்கென்றே உள்ள கருவி கிடைக்காவிட்டால், அளவியின் அழுத்த வால்வைத் திறந்து பிடித்துக்கொண்டு எஞ்சினைச் சுழற்றி முள்ளைக் கவனியுங்கள். ஒரே உயரத்தில் மூன்று துடிப்புகள் மாறிமாறி வர வேண்டும். ஒன்று குறைந்தால் எக்ஸாஸ்ட் பணத்தை அப்படியே எடுத்து வையுங்கள். தேய்ந்த எஞ்சினில் புது எக்ஸாஸ்ட் மாட்டிவிட்டு, சக்தி கூடவில்லையே என்று பட்டறைக்காரரோடு மல்லுக்கு நிற்பவர்கள் ஏராளம்.

துளைகளின் வடிவம் ஏன் முக்கியம்? சற்றே பெரிதாக்கிய ஸ்ட்ரீட் போர்ட் ஓரளவு அடைப்பைத் தாங்கும். கூடுதலாக ஒரு திறப்பு வெட்டிய பிரிட்ஜ் போர்ட்டில் உள்ளிழுக்கும் துளையும் வெளியேற்றும் துளையும் சேர்ந்தாற்போலத் திறந்திருக்கும் நேரம் அதிகம். பைப்பில் அழுத்தம் தேங்கினால், எரிந்த வாயு புதிய கலவைக்குள் திரும்பிப் போய்விடும். உள்ளிழுக்கும் துளையை ரோட்டரைச் சுற்றியுள்ள உறையிலேயே வெட்டும் பெரிஃபெரல் போர்ட்டில் இது இன்னும் மோசம். ஆகவே துளை பெரிதாக ஆக, சைலன்சருக்கான செலவும் கூடும்: அடைக்காமலும் இருக்க வேண்டும், சத்தத்தையும் குறைக்க வேண்டும்.

ஆர்எக்ஸ்-8 காரின் ரெனிசிஸ் எஞ்சின் தனி ஜாதி. அதில் வெளியேற்றும் துளைகள் பக்கச் சுவரில் இருக்கின்றன. எஞ்சினோடு சேரும் முதல் பைப்பான மேனிஃபோல்டில் மூன்று வாய்கள். பழைய 13பி-க்கான மேனிஃபோல்ட் அதில் உட்காராது. மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்.

2. சத்தத்துக்கு ஒரு எண் வைத்துக்கொள்ளுங்கள்

"கொஞ்சம் அடக்கமாக இருந்தால் போதும்" என்று சொன்னால் பட்டறைக்காரருக்கு எதுவும் விளங்காது. உங்கள் இடத்துச் சட்டம் எத்தனை டெசிபல் அனுமதிக்கிறது, நீங்கள் ஓட்டப்போகும் பந்தயத் தளம் எத்தனை அனுமதிக்கிறது என்று பாருங்கள். இரண்டில் குறைந்ததே உங்கள் எண். நின்ற நிலையில் அளப்பதற்குப் பரவலாகப் பின்பற்றப்படும் முறையில், பைப்பின் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், 45 டிகிரி கோணத்தில் மைக்கை வைப்பார்கள். ஓடும்போது ஓரத்தில் நின்று அளக்கும் தளங்களும் உண்டு. ஒன்றில் தேறிய கார் மற்றதில் தேறாமல் போகலாம்.

நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். சாலையில் ஓடும் காரில் அதைக் கழற்றுவது பல நாடுகளில் குற்றம். வைப்பதாக இருந்தால் அதற்கான இடமும், எஞ்சினோடு வந்த காற்றுப் பம்பும் தேவைப்படும். பம்பைக் கழற்றிவிட்டு கன்வர்ட்டரை மட்டும் வைத்திருந்தால் அது சரியாக வேலை செய்யாமல், நாளடைவில் அடைத்துக்கொள்ளக்கூடும்.

3. டர்போ இருந்தால் இங்கே நில்லுங்கள்

டர்போ இல்லாதவர்கள் அடுத்த படிக்குப் போகலாம். மற்றவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். எஞ்சினே போகும் தவறு இங்கேதான் நடக்கிறது.

டர்போவுக்குப் பின்னால் இருக்கும் அடைப்பை எடுத்துவிட்டால் அதன் சக்கரமான டர்பைன் எளிதாகச் சுழலும், எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தமான பூஸ்ட் ஏறும். ஏறும் பூஸ்டைக் கட்டுப்படுத்துவது, டர்பைனைத் தொடாமல் வாயுவை வேறு வழியில் விடும் கதவான வேஸ்ட்கேட்டின் வேலை. தொழிற்சாலை வேஸ்ட்கேட்டின் துளை, தொழிற்சாலை எக்ஸாஸ்ட்டுக்குத் தேவையான அளவில்தான் இருக்கும். பைப் தாராளமாகிவிட்டால் அந்தத் துளை முழுதாகத் திறந்தும் போதாது. வேகம் கூடக்கூட பூஸ்டும் தானாகக் கூடிக்கொண்டே போகும். இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 டர்போ கார்களில் இது நன்றாகத் தெரிந்த தொல்லை. மூன்றாம் தலைமுறையில் வந்த இரட்டை டர்போ 13பி-ஆர்இடபிள்யூ எஞ்சினும் இதற்கு விலக்கில்லை.

பூஸ்ட் கூடினால் எரிபொருளும் கூட வேண்டும். பழைய கணினிக்கு அந்த அளவு தெரியாது. எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கும் அவ்வளவு கொள்ளளவு இருக்காது. கலவையில் எரிபொருள் குறைந்து வறண்டு, நேரம் தவறி வெடித்து எஞ்சின் தட்டும். பிஸ்டன் எஞ்சின் சில தட்டல்களைப் பொறுத்துக்கொள்ளும். ரோட்டரியில் ஒரே ஒரு பலமான தட்டலில் ரோட்டர் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் என்ற அடைப்புப் பட்டை உடையலாம். உடைந்த துண்டு ரோட்டரைச் சுற்றியுள்ள ஹவுசிங்கைக் கீறிக்கொண்டு வெளியேறி டர்பைனையும் பதம் பார்த்துவிடும். ஒரு பைப்பை மாற்றப் போய் எஞ்சின், டர்போ இரண்டையும் மாற்ற வேண்டி வரும்.

ஆகவே டர்போ காரில் வரிசை இது: எரிபொருள் பம்பும் இன்ஜெக்டரும், மாற்றி அமைக்கக்கூடிய கணினி, வேஸ்ட்கேட் துளையைப் பெரிதாக்குவது அல்லது வெளியே தனி வேஸ்ட்கேட் வைப்பது, நம்பகமான பூஸ்ட் அளவி. அதன் பிறகே எக்ஸாஸ்ட். பணம் போதவில்லை என்றால் எக்ஸாஸ்ட் காத்திருக்கட்டும். இந்த இடத்தில் மட்டும் யாருக்கும் நான் சலுகை தருவதில்லை.

4. வழித்தடமும் விட்டமும்

டர்போ இல்லாத எஞ்சினில் இரண்டு ரோட்டர்களுக்கும் தனித்தனிப் பைப் கொடுத்து, முடிந்தவரை தொலைவில் சேர்ப்பது நல்லது. ஒன்றின் அழுத்த அலை மற்றதன் துளையில் போய் மோதாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. சாலையில் ஓடும் 13பி-க்கு 2 அங்குலத்தில் இரு பைப்புகள், சேர்ந்த பிறகு 2.5 முதல் 3 அங்குலம் வரை ஒன்று என்பது செலவுக்கும் பலனுக்கும் ஒத்துவரும் அளவு. இரண்டையும் சேர்க்காமல் கடைசிவரை கொண்டுபோகலாம்தான். ஆனால் சைலன்சர்கள், கொக்கிகள், வெல்டிங் எல்லாமே இரட்டிப்பாகும். பட்ஜெட் குறைவென்றால் சேர்த்துவிடுங்கள்.

விட்டத்தை ஒப்பிடும்போது பரப்பளவைப் பாருங்கள். 2 அங்குலப் பைப் இரண்டின் மொத்தப் பரப்பு, 2.8 அங்குலப் பைப் ஒன்றுக்குக் கிட்டத்தட்டச் சமம். 2.5-லிருந்து 3 அங்குலத்துக்குப் போனால் பரப்பு 44 சதவீதம் கூடுகிறது. அரை அங்குலம் என்பது பார்வைக்குத்தான் சிறியது.

டர்போ எஞ்சினுக்கு 3 அங்குலம் பெரும்பாலான சாலைக் கார்களுக்குப் போதும். அதற்கு மேல் போனால் தரையிலிருந்து உயரம் குறையும், சத்தத்தை அடக்குவது கடினமாகும், சைலன்சரின் விலை ஏறும். பைப்பில் கொஞ்சம் அடைப்பு இருந்தால்தான் இழுவை வரும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். ரோட்டரிக்கு அடைப்பு ஒருபோதும் நன்மை செய்வதில்லை.

வளைவுகளை, உள்ளே தாங்கு கொடுத்து வளைக்கும் மாண்ட்ரல் முறையில் வளைத்ததாகக் கேளுங்கள். உள்ளே தாங்கு கொடுக்காமல் அழுத்தி வளைத்தால், வளைவு ஒவ்வொன்றிலும் பைப் நசுங்கும். 3 அங்குலத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, அதற்கும் குறைந்த குறுக்களவை வாங்கி வருவதாக ஆகிவிடும்.

5. உலோகம்: எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது

பைப்பை மூன்று மண்டலமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எஞ்சினிலிருந்து முதல் ஒரு மீட்டர், நடுப்பகுதி, பின்பகுதி. பட்ஜெட்டில் பாதிக்கு மேல் முதல் மண்டலத்துக்குப் போக வேண்டும்.

முதல் மண்டலத்துக்கு 321 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிறந்தது. அதில் கலந்துள்ள டைட்டானியம், கடும் வெப்பத்தில் வெல்டிங் ஓரங்கள் பலவீனமாவதைத் தடுக்கிறது. ஆனால் விலை கூட. கட்டுப்படியாகாவிட்டால் சுவர் தடித்த 304 எடுங்கள். கனமான சாதா இரும்பில் செய்த மேனிஃபோல்டும் நெடுங்காலம் உழைக்கும். துருப்பிடிக்கும், எடை கூடும், அவ்வளவுதான். மெல்லிய 304 பைப்பைத்தான் இங்கே போடக்கூடாது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பளபளப்பான மேனிஃபோல்டுகள் பலவும் அந்த ரகமே. எஞ்சினோடு சேரும் ஃப்ளேஞ்ச் தகடு 10 மி.மீ. தடிமனுக்குக் குறையாமல் இருக்கட்டும். மெல்லியது வெப்பத்தில் கோணி, இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டை ஊதித் தள்ளும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சூட்டில் நன்றாக நீளும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு மீட்டர் 304 பைப் 600 டிகிரி சூடேறினால் 10 மி.மீ.க்கு மேல் நீளும். அந்த நீளத்துக்குப் போக்கிடம் இல்லையென்றால் வெல்டிங் விரியும். ஆகவே முதல் மண்டலத்தின் முடிவில் நெளிந்து கொடுக்கும் ஃப்ளெக்ஸ் துண்டு ஒன்று கட்டாயம். உள்ளே உலோக உறை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். உறையில்லாத வெறும் சுருக்குக் குழாயை ரோட்டரியின் சூடு சீக்கிரமே தின்றுவிடும்.

நடுப்பகுதிக்கு 304 அல்லது 409 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பின்பகுதிக்கு அலுமினியம் பூசிய இரும்பே போதும். அங்கே வாயு ஓரளவு ஆறியிருக்கும். துத்தநாகம் பூசிய தண்ணீர்ப் பைப்பை எந்த மண்டலத்திலும் தொடாதீர்கள். அதை வெல்டிங் செய்யும்போது வரும் புகை நச்சு.

சூட்டுத் துணி சுற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. காருக்குள் வெப்பம் குறையும், உண்மை. ஆனால் பைப்பின் உலோகம் அதனால் இன்னும் சூடாகும். சாதா இரும்பென்றால் துணிக்குள் ஈரம் தங்கித் துருவும் விரைவாகும். அருகில் தகடு வைத்து மறைப்பது எனக்குப் பிடித்த வழி.

6. சைலன்சர்கள்

இப்போதுதான் சைலன்சர். ஒன்றே ஒன்றைப் பின்னால் தொங்கவிட்டு ரோட்டரியை அடக்குவது பெரும்பாலும் நடக்காது. முன்னால் ஒரு சிறிய முன்சைலன்சர், நடுவில் ஒன்று, பின்னால் பெரியது ஒன்று எனப் பிரித்தால் ஒவ்வொன்றும் மலிவானதாக இருந்தாலும் மொத்தத்தில் நல்ல பலன் தரும். டர்போ காரில் டர்பைனே பாதிச் சத்தத்தை விழுங்கிவிடுவதால் இரண்டு போதும்.

முன்சைலன்சரின் உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று கேட்காமல் வாங்காதீர்கள். சாதாரண கண்ணாடி இழை இந்த வெப்பத்தில் தாங்காது. அப்படிப்பட்ட ஒன்றை அறுத்துப் பார்த்தால், ஓட்டைக் குழாயைச் சுற்றி இழை இருந்த இடமே வெறுமையாக இருக்கும். உறையின் அடியில் சாம்பல் நிறப் பொடி கொஞ்சம், பின்பைப்பின் வாயில் ஒட்டிக்கொண்ட வெள்ளை நூல்கள் கொஞ்சம். சத்தம் மெல்ல மெல்லக் கூடியிருக்கும், ஓட்டுகிறவர் காது அதற்குப் பழகியிருக்கும். முன்சைலன்சரில் ஓட்டைக் குழாயை ஒட்டி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நார் சுற்றியிருக்க வேண்டும். அல்லது எதுவும் அடைக்காத அறை வகையாக இருக்க வேண்டும். பின்சைலன்சருக்குக் கண்ணாடி இழை பரவாயில்லை. பிரித்து மீண்டும் அடைக்கக்கூடிய வகை கிடைத்தால் நீண்டகாலத்தில் அதுவே மலிவு.

நெடுஞ்சாலை வேகத்தில் காருக்குள் எழும் ரீங்காரத்துக்குக் கணக்கு ஒன்று இருக்கிறது. இரண்டு ரோட்டர் எஞ்சினில் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு வெடிப்பு. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 100 துடிப்பு. அந்த 100 ஹெர்ட்சை அடக்க, முனை மூடிய கிளைப் பைப் ஒன்றைப் பிரதான பைப்போடு இணைக்கலாம். அதன் நீளம் சூடான வாயுவில் ஒலி அலையின் நீளத்தில் கால் பங்கு; இந்த எடுத்துக்காட்டில் ஏறக்குறைய 1.1 முதல் 1.3 மீட்டர். உள்ளிருக்கும் வாயுவின் வெப்பத்தைப் பொறுத்து இது மாறும் என்பதால், முதலில் சற்று நீளமாக விட்டு, ஓட்டிப் பார்த்து வெட்டிச் சரிசெய்யுங்கள். வெட்டுவது எளிது, ஒட்டுவது அப்படியல்ல. இன்னொரு சைலன்சரை விட இது மிகவும் மலிவு.

7. பட்டறையைத் தேர்ந்தெடுத்தல்

முழுவதையும் புதிதாகச் செய்யச் சொல்வது எப்போதும் தேவையில்லை. உங்கள் காருக்கென்றே தயாராகக் கிடைக்கும் மேனிஃபோல்ட் அல்லது டவுன்பைப்பை (டர்போவிலிருந்து கீழிறங்கும் பைப்) வாங்கி, அதற்குப் பின்னால் உள்ளதை மட்டும் பட்டறையில் செய்துகொள்வது பெரும்பாலானோருக்குப் பொருந்தும் வழி. கடினமான வடிவங்கள் எல்லாம் முன்னால் இருக்கின்றன. பின்னால் இருப்பது நேர்ப் பைப்பும் சில வளைவுகளும்.

பட்டறைக்காரரிடம் கேட்க வேண்டியது: ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வெல்டிங் செய்யும்போது பைப்பின் உள்ளேயும் ஆர்கான் வாயு செலுத்துவீர்களா? செலுத்தாவிட்டால் உள்பக்க வெல்டிங் கருகி, பொரிந்த சர்க்கரை போலக் கரடுமுரடாகும். விரிசல் அங்கேதான் தொடங்கும். வெளிப்பக்க வெல்டிங் வானவில் நிறத்தில் மின்னுவதைக் காட்டுவார்கள். நீங்கள் வெட்டுத் துண்டு ஒன்றின் உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கூலியைக் குறைக்க வழி இருக்கிறது. பழைய எக்ஸாஸ்ட்டை நீங்களே கழற்றி, துருப்பிடித்த போல்ட்டுகளை எடுத்து, அடிப்பாகத்தைக் கழுவிக் கொண்டுபோங்கள். மெருகேற்றல், அலங்கார வாய், நிறம் எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

8. காரில் வைத்துப் பார்த்தல்

பைப்புகளை மேசையில் அல்ல, காரிலேயே வைத்துப் புள்ளி வெல்டிங் போட வேண்டும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் தொய்ந்திருந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள். தொய்ந்த நிலையில் அளவெடுத்த பைப், புது ரப்பர் போட்டதும் அடிப்பாகத்தில் இடிக்கும்.

சக்கரங்கள் தொங்கும் நிலையிலும், காரின் எடை சக்கரங்களில் இறங்கிய நிலையிலும் பின் அச்சின் அருகே இடைவெளியைப் பாருங்கள். பிரேக் குழாய், எரிபொருள் குழாய், ஒயர்கள், பெட்ரோல் டேங்க் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 25 மி.மீ. இடைவெளி வேண்டும், முதல் மண்டலத்தில் அதற்கு மேலும் வேண்டும், கூடவே தகடு மறைப்பும். பைப் எங்கெங்கே பிரிய வேண்டும் என்பதையும் இப்போதே குறியுங்கள். கியர்பாக்சை இறக்க முழு எக்ஸாஸ்ட்டையும் அறுக்க வேண்டிய கார்கள் இருக்கின்றன.

கலவையை அளக்கும் அகல அளவு (வைட்பேண்ட்) ஆக்சிஜன் சென்சாருக்கான திருகு வாயை மறந்துவிடாதீர்கள். அது பைப்பின் மேல்பாதியில், கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்க வேண்டும். கீழே வைத்தால் குளிர்ந்த நீர்த்துளி பட்டுச் சூடான சென்சார் விரிசல் விடும். எஞ்சினின் வெளியேற்றும் துளைக்கு மிக அருகில் வைத்தால் ரோட்டரியின் வெப்பமே அதைக் கொன்றுவிடும். டர்போ காரில் டர்பைனுக்குப் பின்னால், இரண்டு மூன்றடி தள்ளி வையுங்கள்.

9. பூட்டிய பிறகு

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கசிவு பாருங்கள். பின்வாய் வழியாகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, கலவை வறண்டிருப்பதாகத் தவறாகக் காட்டும். அதை நம்பி எரிபொருளைக் கூட்டினால், கூடுதல் எரிபொருள் பைப்புக்குள் எரிந்து இன்னும் சூட்டைக் கிளப்பும். கசிவு அடைபடாமல் கணினியைத் தொடக்கூடாது.

பிறகு டியூனிங், அதாவது கணினியில் எரிபொருள் அளவைச் சரிசெய்வது. டர்போ இல்லாத காரிலும் வாயு வெளியேறும் அளவு மாறியிருப்பதால் கலவையைச் சரிபார்த்தே தீர வேண்டும். டர்போ காரில் முதலில் மிகக் குறைந்த பூஸ்டில், உயர்ந்த கியரில் மெதுவாக ஏற்றுங்கள். நிர்ணயித்த அளவுக்கு மேல் பூஸ்ட் முள் ஊரத் தொடங்கினால் உடனே காலை எடுத்துவிடுங்கள். வேஸ்ட்கேட் இன்னும் போதவில்லை.

முதல் சூட்டில் புகையும் நாற்றமும் வரும். பைப்பில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பசை எரிவதால் வருவது, பயப்பட வேண்டாம். சில முறை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு, குளிர்ந்த நிலையில் எல்லா நட்டுகளையும் மீண்டும் முறுக்குங்கள். கேஸ்கெட் அமுங்குவதால் முதல் முறுக்கு கட்டாயம் தளர்ந்திருக்கும். அதன் பிறகு எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் காரின் அடியில் புகுந்து ஃப்ளெக்ஸ் துண்டு, முதல் மண்டலத்து வெல்டிங்குகள், கொக்கிகளின் ரப்பர் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள்.